சென்னை மால்கள்: எதற்கு எது, எப்போது, எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி ஃபீனிக்ஸ், அதை ஒட்டிய பல்லேடியம், வடபழனி நெக்சஸ் விஜயா, திருமங்கலம் வி.ஆர். சென்னை, அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசா, எழும்பூர் அல்சா மால் ஆகியவற்றை வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. மாலில் எத்தனை கடை என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. பெரும்பாலான பிராண்டுகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன. போய் வருவது சுலபமா, வயதானவர்கள் உட்கார இடம் இருக்கிறதா, குழந்தையைக் கூட்டிப் போனால் நிம்மதியாக இருக்க முடியுமா என்பதை வைத்துத்தான் ஒரு மால் நல்லதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

ஒரு மாலுக்குப் போகத்தான் நேரம் இருக்கிறது. எதற்குப் போகலாம்?

நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளியூரிலிருந்து ரயிலில் வந்து, மாலை வண்டிக்கு முன் அரை நாள் கையில் இருந்தால் எக்ஸ்பிரஸ் அவென்யூ. புது மால்களில் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் அதுதான் பக்கம். பெட்டிகளை இழுத்துக்கொண்டு மாலுக்குப் போகாதீர்கள். நிலையத்தின் கிளோக் ரூமில் வையுங்கள். அங்கே பெட்டிக்குப் பூட்டு இருக்க வேண்டும், பயணச்சீட்டைக் கேட்பார்கள். ஜிப் மட்டும் உள்ள பையானால் சின்னப் பூட்டு ஒன்றை வீட்டிலிருந்தே போட்டு வாருங்கள்.

கோயம்பேடு, அண்ணா நகர் பக்கம் இருப்பவர்களுக்கு வி.ஆர். காலை முதல் இரவு வரை ஒரே இடத்தில் இருக்கலாம் என்று குடும்பமாகக் கிளம்புகிறவர்களுக்கு ஃபீனிக்ஸ். படம்தான் முக்கியம், கடை அப்புறம் என்றால் நெக்சஸ் விஜயா.

ஒவ்வொன்றிலும் அப்படி என்ன விசேஷம்?

எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010-ல் திறந்தது. இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் இருந்த எக்ஸ்பிரஸ் எஸ்டேட் நிலத்தில் கட்டியதால் அந்தப் பெயர். ஒயிட்ஸ் சாலை, கிளப் ஹவுஸ் சாலை என்று இரண்டு பக்கமும் வாசல் உண்டு. ஆட்டோ, கேப் கூப்பிடும்போது எந்தச் சாலை வாசல் என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் நின்று பத்து நிமிடம் போய்விடும். எஸ்கேப் திரையரங்கில் எட்டு திரைகள்.

ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி 2013 ஜனவரியில் வந்தது. லக்ஸ் திரையரங்கில் 11 திரைகள், அதில் ஒன்று ஐமேக்ஸ். பல்லேடியம் இதோடு ஒட்டியது. அங்கே விலை உயர்ந்த பிராண்டுகள் அதிகம், கூட்டம் குறைவு. வாங்குகிற எண்ணம் இல்லாவிட்டாலும், ஃபீனிக்ஸில் நெரிசல் தாங்கவில்லை என்றால் பெரியவர்களை அங்கே அழைத்துப்போய்க் கொஞ்சம் உட்கார வைக்கலாம்.

நெக்சஸ் விஜயாவும் 2013-தான். முதலில் ஃபோரம் விஜயா என்று பெயர். ஆட்டோக்காரர்கள் பலர் இன்னும் ஃபோரம் மால் என்றால்தான் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். பழைய விஜயா வாகினி ஸ்டூடியோ இருந்த இடம். இங்குள்ள பலாசோவில் ஒன்பது திரைகள், ஐமேக்ஸும் உண்டு. எஸ்கேப், பலாசோ இரண்டும் சத்யம் குழுமத்தினர் கட்டியவை. 2018-ல் பிவிஆர் வாங்கிவிட்டது. திரையரங்கின் ஒலியிலும் இருக்கை வரிசையின் சரிவிலும் அந்தப் பழைய அக்கறை இன்னும் தெரிகிறது.

வி.ஆர். சென்னை 2018-ல் திறந்தது, பத்து திரைகள். மெட்ரோவிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதே அதன் பெரிய பலம்.

ஸ்பென்சர் பிளாசாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1860-களில் தொடங்கிய ஸ்பென்சர் கடையின் பழைய கட்டடம் 1983-ல் தீயில் அழிந்தது. அந்த இடத்தில் எழுந்ததுதான் இப்போதைய வளாகம். ஒரு தலைமுறைக்கு ஏசி போட்ட கடைத்தெரு என்றால் அதுதான். இன்று பல கடைகள் மூடிக் கிடக்கின்றன. ஆனாலும் கைக்கடிகார ரிப்பேர், தோல் பை, காஷ்மீர் சால்வை, வெளிநாட்டுப் பணம் மாற்றுவது போன்ற காரியங்களுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேரம் பேசலாம். புது மால்களில் அது நடக்காது. மூன்று ஃபேஸ்களாக, அதாவது மூன்று பகுதிகளாகக் கட்டியதால் உள்ளே வழி குழம்பும். கடை எண்ணோடு ஃபேஸ் எண்ணையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

அல்சா மால் சின்னது. சாண்ட்விச் சாப்பிடத்தான் ஆட்கள் வருகிறார்கள், அதற்காகவே போகலாம்.

மெட்ரோவில் போக முடியுமா?

முடியும், ஃபீனிக்ஸ் தவிர. வி.ஆருக்குத் திருமங்கலம், நெக்சஸ் விஜயாவுக்கு வடபழனி. இரண்டும் பச்சை வழித்தடம். ஸ்பென்சருக்கு நீல வழித்தடத்தில் எல்ஐசி. எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்கும் எல்ஐசியில் இறங்கி கிளப் ஹவுஸ் சாலை வழியாக நடக்கலாம், பத்துப் பதினைந்து நிமிடம். மே மாத மதியத்தில் கைக்குழந்தையோடு அந்த நடை வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

ஃபீனிக்ஸுக்குக் கிண்டி மெட்ரோவிலோ வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்திலோ இறங்கி அங்கிருந்து ஆட்டோ அல்லது பஸ்தான். திரும்பும்போதுதான் சிரமம். இரவுக் காட்சி விடும் நேரத்தில் வாசலில் கேப் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் ஏறியிருக்கும். படம் முடிந்ததும் எல்லோரோடும் கீழே இறங்காமல், மேலேயே உட்கார்ந்து வண்டி உறுதியான பிறகு கிளம்புங்கள். மெட்ரோவில் திரும்புகிறவர்கள் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரில் போனால் பார்க்கிங்கில் என்னென்ன தவறு நடக்கிறது?

முதல் தவறு, வண்டியை விட்ட இடத்தை மறப்பது. தளத்தின் நிறமும் எழுத்தும் தூண் எண்ணும் ஒரே படத்தில் வரும்படி போனில் எடுத்துவிடுங்கள். எந்த லிஃப்டில் ஏறினீர்கள் என்பதும் முக்கியம். பெரிய மால்களில் ஒரே தளத்துக்கு மூன்று நான்கு லிஃப்ட் தொகுதிகள் இருக்கும். தவறான லிஃப்டில் இறங்கினால் தூண் எண் தெரிந்தும் வண்டி கிடைக்காது.

இரண்டாவது, பணம் கட்டுவதை வெளியேறும் கேட்டுக்குத் தள்ளிவைப்பது. அடித்தளத்தில் சிக்னல் இருக்காது, யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும், பின்னால் இருபது வண்டிகள் ஹாரன் அடிக்கும். மேலே கட்டணம் செலுத்தும் இடம் இருந்தால் அங்கேயே கட்டிவிட்டு இறங்குங்கள். இல்லாவிட்டால் சில்லறை நோட்டு வைத்திருங்கள். சில இடங்களில் ஃபாஸ்டேகிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது போனில் வரும் குறுஞ்செய்தியில் தொகை சரியா என்று பாருங்கள்.

மூன்றாவது, டோக்கனைத் தொலைப்பது. அபராதம் கேட்பார்கள், வண்டி உங்களுடையதுதான் என்று ஆர்.சி.யும் காட்ட வேண்டியிருக்கும். டோக்கனை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போவதும் நல்லதல்ல. பர்ஸில், பணத்தோடு சேராத தனி அறையில் வையுங்கள்.

இரு சக்கர வண்டிக்காரர்கள் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். சீட்டுக்கு அடியில் உள்ள கொக்கியில் மாட்டிப் பூட்டுங்கள்.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

செவ்வாய், புதன், வியாழன் காலை 11 மணி. மால் 10 மணிக்குத் திறந்தாலும் கடைகள் முழுதாகத் திறந்து பில் போடும் இயந்திரம் ஓட 11 ஆகிவிடும். சனி, ஞாயிறுகளில் மாலை 5 முதல் 9 வரை வந்தால் உள்ளே நுழையவே வரிசை. வார இறுதியில்தான் முடியும் என்றால் ஞாயிறு காலை முதல் ஆளாகப் போய் 1 மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். மழலையர் பள்ளி, அலுவலகம் என்று எல்லோருக்கும் விடுமுறை விழும் தொடர் விடுப்பு நாட்களைத் தவிர்ப்பது நலம்.

மழைக்காலத்தில்?

நவம்பர், டிசம்பரில் கனமழை எச்சரிக்கை இருக்கிற நாளில் வேளச்சேரிப் பக்கம் காரை எடுத்துப் போகாதீர்கள். சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி, தண்ணீர் சீக்கிரம் ஏறும், மெதுவாகத்தான் வடியும். மழை அறிவிப்பு வந்தாலே அந்த வட்டாரத்தினர் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். மாலில் இருக்கும்போதே மழை வலுத்தால், அடித்தளத்தில் நிற்கும் வண்டியை முதலில் யோசியுங்கள், படத்தை அப்புறம் பார்க்கலாம்.

எஸ்கலேட்டரில் புடவை, செருப்பு மாட்டிக்கொள்வதாகச் சொல்கிறார்களே?

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவிர்க்கக்கூடிய காயம்தான் இது.

படிகளின் இரு ஓரங்களிலும் கறுப்பு நிறத்தில் தூரிகை போல மயிர் வரிசை ஒன்று ஓடும். பலர் அதில் ஷூவைத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அது அதற்கில்லை. நகரும் படிக்கும் நகராத பக்கச் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. கால் அங்கே போகாதபடி எச்சரிக்கத்தான் அந்தத் தூரிகை. மயிர் உரசினால் காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். குழந்தைகள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்தச் சுவரோடு ஒட்டி உரசும்போது இளகி உள்ளே இழுபடும். விரலும் கூடப் போகும். குழந்தையைப் படியின் நடுவில், மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புடவை சிக்குவது பெரும்பாலும் மேலே முடியும் இடத்தில். படிகள் தட்டையாகிச் சீப்புப் பல் போன்ற இரும்புத் தகட்டுக்கு அடியில் நுழைகின்றன. தரையைத் தொடும் கொசுவமும் வேட்டியின் ஓரமும் அங்கேதான் மாட்டும். ஏறும் முன் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள், இறங்கும் வரை விடாதீர்கள். சிக்கிவிட்டால் இழுக்க வேண்டாம். எஸ்கலேட்டரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும், கைப்பிடி முடியும் இடத்தருகே சிவப்புப் பொத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் அதை அழுத்தலாம், உடனே நின்றுவிடும். எங்கே இருக்கிறது என்று அடுத்த முறை போகும்போது ஒரு தடவை பார்த்து வையுங்கள். குழந்தை வண்டியை எஸ்கலேட்டரில் ஏற்றவே கூடாது.

நடக்க முடியாத பெரியவர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. தகவல் மையத்தில் கேட்டால் சக்கர நாற்காலி தருவார்கள், ஓர் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் வாசலில் இறங்கும் முன்பே ஒருவர் உள்ளே ஓடிப் போய் எடுத்துவந்துவிடுவது நல்லது. திரையரங்குக்குப் போகும் லிஃப்டில் காட்சி நேரத்தில் இடமே கிடைக்காது. காட்சிக்கு அரை மணி முன்னதாகவே ஏறிவிடுங்கள். டிக்கெட் எடுக்கும்போது படியேறாமல் உட்காரக்கூடிய வரிசை எது என்று கவுன்டரில் கேட்டு வாங்குங்கள். போன் செயலியில் அது தெரியாது. ஏசி குளிருக்கு ஒரு சால்வை.

குழந்தைகள் விளையாடும் இடத்தில் கவனிக்க வேண்டியவை?

சாக்ஸ். மெத்தை விளையாட்டுக் கூடங்களில் சாக்ஸ் இல்லாமல் விடமாட்டார்கள், அங்கேயே வாங்கினால் விலை அதிகம். குழந்தைக்கும் கூடப் போகும் பெரியவருக்கும் ஒவ்வொரு ஜோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையில் பணம் ஏற்றும் முறை இருந்தால் மீதித் தொகை பெரும்பாலும் பணமாகத் திரும்பாது. “ஆயிரத்துக்கு ஏற்றினால் கூடுதலாக இவ்வளவு” என்ற சலுகையை ஏற்கும் முன், அந்தத் தொகைக்கு எத்தனை விளையாட்டு, எத்தனை நாளுக்குச் செல்லும் என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு குழந்தை எவ்வளவு விளையாடுமோ அவ்வளவுக்கு மட்டும் ஏற்றுங்கள், தீர்ந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

சிறு பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் போன் எண் எழுதிய காகிதம் ஒன்று இருக்கட்டும். “காணாமப் போனா அங்கேயே நில்லு, யூனிஃபார்ம் போட்ட அக்காகிட்டயோ அண்ணன்கிட்டயோ சொல்லு” என்று வாசலிலேயே சொல்லிக்கொடுங்கள்.

துணி வாங்கும்போது எந்த வரிசையில் போவது?

முதலில் பேன்ட். பல பிராண்டு கடைகளில் நீளம் குறைத்துத் தைப்பது இலவசம், ஆனால் ஒரு மணி நேரமாவது ஆகும். வார இறுதியில் மறுநாள் வரச் சொல்வார்கள். போனதும் பேன்ட்டைத் தேர்ந்து அளவு கொடுத்துவிட்டால் மற்ற கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தயாராக இருக்கும். நீளம் குறித்த பிறகு பொருளை மாற்ற முடியாது. அதனால் குனிந்து, உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். அளவெடுக்கும்போது நீங்கள் வழக்கமாகப் போடும் ஷூ காலில் இருக்க வேண்டும்.

ஷூவைக் கடைசியில், மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும், அந்த அளவுக்குப் பொருந்துவதுதான் பிறகு கடிக்காது. இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள்.

தள்ளுபடி எப்போது?

பிராண்டு கடைகளில் ஆண்டுக்கு இரண்டு: ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை வழியாக ஒன்று, டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை இன்னொன்று. முதலாவது அப்படியே ஆடித் தள்ளுபடியோடு சேர்ந்துவிடும். நடுத்தர அளவுகள் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். கடைசி வாரத்தில் விலை இன்னும் இறங்கும், ஆனால் மிகச் சிறியதும் மிகப் பெரியதும்தான் மிஞ்சியிருக்கும். உங்கள் அளவு அந்த இரண்டில் ஒன்றென்றால் பொறுத்திருப்பதே லாபம்.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

அட்டையில் அச்சிட்ட எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம். எம்ஆர்பியில் 40 சதவீதம் தள்ளுபடி என்று பலகையில் போட்டுவிட்டு, பில்லில் தள்ளுபடி விலைக்கு மேல் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் கேளுங்கள். இப்படி வரி சேர்ப்பது முறையல்ல என்று நுகர்வோர் ஆணையங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

2025 செப்டம்பர் 22 முதல் துணிக்கும் செருப்புக்கும் ஜிஎஸ்டி, ஒன்றின் விலை 2,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். தள்ளுபடி போக வரும் விற்பனை விலைதான் கணக்கு. வரிக்கு முன் 2,500 ரூபாய்ச் சட்டை வரியோடு 2,625. வரிக்கு முன் 2,600 ரூபாய்ச் சட்டை வரியோடு 3,068. நூறு ரூபாய் வித்தியாசம் 443 ஆகிவிடுகிறது. அந்த எல்லையில் நிற்கும் துணியில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாலில் உள்ள சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக இருந்தால் அது வரி அல்ல, கட்டாயமும் அல்ல. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படித்தான் நெறிமுறை வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. “சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க” என்று சொன்னால் போதும்.

பில் போடும்போது போன் எண் கேட்கிறார்கள். தர வேண்டுமா?

வேண்டாம். எண் தராவிட்டால் விற்க மாட்டோம் என்று சொல்லக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மாற்றுவதற்கு எண் தேவைப்படும் என்பார்கள். காகித பில் இருந்தால் போதும். வெப்பக் காகிதத்தில் அச்சான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் படம் எடுத்து வையுங்கள்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று அச்சிட்டிருக்கிறதே?

பொருளில் குறை இருந்தால் அந்த வாசகம் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடவடிக்கை. நிறம் பிடிக்கவில்லை, அளவு மாறிவிட்டது என்பதெல்லாம் இதில் வராது, அது கடையின் விருப்பம். மேலாளரிடம் பேசியும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

சாப்பாடு, தண்ணீர்?

ஃபுட் கோர்ட்டில் மதியம் 12-க்கு அல்லது இரண்டரைக்குப் பிறகு உட்காருங்கள். இடையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு அலைய வேண்டும். ஒருவரை முதலில் மேசையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் வரிசையில் நிற்பதுதான் நடக்கும் வழி. ஃபுட் கோர்ட் அட்டை வாங்கியிருந்தால் மீதியை அன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.

கடையில் விற்கும் மூடிய தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கக் கூடாது. உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் என்றால் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திரையரங்கு விஷயம் வேறு: வெளி உணவைத் தடுக்கும் உரிமை அரங்குக்கு உண்டு என்று 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குத் தேவையான உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்பதும் இருக்கிறது. வாசலில் பால் புட்டியை எடுத்து வைக்கச் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பைக்குக் காசு கேட்கிறார்களே?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. துணிப்பை, காகிதப்பைக்கு 10, 20 என்று வாங்குகிறார்கள். ஒரு மஞ்சப்பை மடித்துக் கொண்டுபோங்கள். சில கடைகளில் நுழையும்போதே அதற்கு முடிச்சு போட்டு அனுப்புவார்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை.

மாலில் வாங்காமல் இருப்பதே நல்லது என்று ஏதாவது?

பட்டுப்புடவை, தங்கம், பாத்திரம். மூன்றுக்கும் தி. நகர்தான். நூறு புடவையை விரித்துக்காட்ட இடமும் பொறுமையும் அங்கே இருக்கின்றன. மின்னணு உதிரிப் பாகங்களுக்கு ரிச்சி தெரு. ஷூ, ரெடிமேட், கைக்கடிகாரம், வாசனைத் திரவியம் போன்றவை மாலில் வாங்கத் தக்கவை, ஏனென்றால் அசல் பொருளும் பில்லும் உத்தரவாதமும் நிச்சயம்.

எதுவும் வாங்காமல் சுற்றிவிட்டு வரலாமா?

வரலாம். நிழலும் குளிர்ச்சியும் சுத்தமான கழிப்பறையும் உள்ள இடம் கோடையில் இந்த நகரத்தில் அதிகமில்லை. போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்தாலும் தவறில்லை. உள்ளும் புறமுமாகக் கிடக்கும் துணியைத் திருப்பி, கொக்கியில் மாட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதை எடுத்து மடிக்கும் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்தது. கடையில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அது அவர் உரிமை, அலட்சியம் இல்லை.

சென்னைக்கு வெளியே?

கோவையில் புரூக்ஃபீல்ட்ஸ் நகரின் நடுவில் இருக்கிறது, கிராஸ்கட் சாலை வேலையோடு சேர்த்துப் பார்க்கலாம். சத்தி சாலையில் புரோசோன் பெரியது, காரில் போகிறவர்களுக்கு வசதி. மதுரையில் சொக்கிகுளத்து விஷால் டி மால். பார்க்கிங், பில், எஸ்கலேட்டர் பற்றி மேலே சொன்னவை இவற்றுக்கும் பொருந்தும்.